நீருக்கடியில் ஒரு ஸ்பானர் சத்தம்

நம் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல் வாங்கப் போகிறதாம். திருக்கோகர்ணத்தில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையில் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். அன்று படித்தவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, பாதிக் கன்னம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, நீங்க நேவியில இருந்தவுகதானே? தண்ணிக்குள்ள சத்தமே இல்லாமப் போகுமாமே, ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாதாமே, நெசந்தானா?"

கழுத்தில் கத்தி இருக்கும்போது மனிதன் சுருக்கமாகத்தான் பேசுவான். "நெசந்தாங்க" என்றேன்.

"அப்பறம் நீங்கள்லாம் அங்க என்னதான் பண்ணுனீக?"

கடை முழுக்கச் சிரித்தது. கத்தி பிடித்திருந்தவரும் சிரித்ததுதான் எனக்குக் கவலையாக இருந்தது. நியாயமான கேள்வி. பென்ஷன் கொடுக்கிற சர்க்கார்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதில் சொல்வதென்றால் ஒரு பகல் பொழுதைப் பற்றிச் சொன்னால் போதும். மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர்.

நான் கடற்படையில் சேர்ந்தது இரண்டாம் உலக யுத்த காலத்தில், வெள்ளைக்காரர் ஆட்சியில். அதற்குமுன் நான் கண்ட பெரிய நீர்ப்பரப்பு எங்கள் புதுக்குளம். அதிலும் எனக்கு நீந்தத் தெரியாது. இன்டர்மீடியட்டில் கணக்கு என்னைக் கைவிட்ட வருஷம், புதுக்கோட்டைக்கு ஆள் சேர்க்கும் லாரி வந்தது. உடற்சோதனை செய்த டாக்டர் என் மார்பளவைப் பார்த்துவிட்டு, அறையின் அந்தக் கோடியில் இருந்த கம்பவுண்டரிடம், "இது மூங்கில் குச்சி, தேறாது" என்று முணுமுணுத்தார். "சாப்பாடு போட்டால் தேறிவிடுவேன், சார்" என்றேன். டாக்டர் திடுக்கிட்டார். அவ்வளவு தூரத்தில் சொன்னது கேட்டதா என்று விசாரித்தார். என்னைக் கடற்படை எடுத்துக்கொண்டது என் காதுக்காக. மீதி உடம்பு காதைத் தூக்கிக்கொண்டு போவதற்காகக் கூடவே சென்றது.

பயிற்சியை நாலு வரியில் முடித்துவிடுகிறேன், அது அவ்வளவுதான் தகும். நீந்தக் கற்றுக்கொண்டேன். காலணிக்குப் பாலிஷ் போடக் கற்றுக்கொண்டேன். கப்பலின் அடிவயிற்றிலிருந்து தண்ணீருக்குள் 'டிங்' என்று ஓர் ஒலியை அனுப்பி, அது எதன் மீதாவது பட்டுத் திரும்பி வருகிறதா என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். அந்தக் கருவிக்கு ஆஸ்டிக் என்று பெயர். காதில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, நெல் குதிர் அளவுள்ள ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, கடலைக் கேட்பது என் உத்தியோகம். கடல் அமைதியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அதைக் கேட்டதில்லை. இறால் கூட்டம் சட்டியில் பொரி பொரிவதுபோல ஓயாமல் வெடிக்கும். மீன் தவளைபோலக் கத்தும். இந்தச் சந்தை இரைச்சலுக்குள் எதிரி நீர்மூழ்கியின் சத்தத்தைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

எங்கள் கப்பல் திருகோணமலையில் நின்றது. சரக்குக் கப்பல்களுக்குத் துணைபோகும் சிறிய காவல் கப்பல். அதன் கூண்டில் மாற்றி மாற்றி உட்கார்ந்த இரண்டு பேரும் புதுக்கோட்டைப் பக்கத்தார் என்பது தற்செயல். மற்றவன் சின்னையா. ஆலங்குடிக்குத் தெற்கே கடலைக்காடு வைத்திருந்த குடும்பம். காட்டுப்பன்றி வந்து கடலைச்செடியைத் தோண்டாமல் காவல் இருந்தே வளர்ந்தவன். கண்ணை மூடிக்கொண்டு, வந்திருப்பது பன்றியா நரியா, எத்தனை உருப்படி என்று சொல்லக்கூடிய காது அவனுக்கு. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன், ஆகவே நான் அண்ணன். ஒரே ஊர்ப்பக்கம், ஆகவே அவன் கஷ்டமெல்லாம் எனக்குக் கஷ்டம். இது எழுதாத சட்டம்.

அவனுடைய கஷ்டம் இது. தலைப்பிரசவத்தில் அவன் குழந்தை இறந்துபோனது. செய்தி வந்தபோது நாங்கள் நடுக்கடலில். கரைக்கு வந்துதான் அவனுக்குத் தெரிந்தது, அதற்குள் எல்லாம் முடிந்து நாள் பல ஆகியிருந்தன. இப்போது அவன் மனைவி பொன்னம்மாள் மறுபடி உண்டாகியிருந்தாள். திருகோணமலைத் துறைமுக வாயிலில், கரையிலேயே உட்கார்ந்து கடலடிக் கருவியைக் கேட்கும் காவல் நிலையம் ஒன்று உண்டு. அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. கரை உத்தியோகம் என்றால் சொன்ன தேதியில் லீவு. நடக்கவிருந்த பயிற்சியில் யார் திசையைச் சரியாகச் சொல்கிறார்களோ அவருக்கு அந்த இடம் என்று அறிவித்திருந்தார்கள்.

பயிற்சி என்பது ஒரு கண்ணாமூச்சி. எங்கள் தரப்பு நீர்மூழ்கி ஒன்று எதிரியாக நடிக்கும். கடலில் ஒரு சதுரத்தைக் குறித்துக்கொண்டு அதற்குள் ஒளியும். நாங்கள் மேலிருந்து தேட வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் அதன் தலைக்கு மேல் தீபாவளிப் பட்டாசுக்குச் சற்றே பெரிதான ஒரு வெடியைப் போடுவோம். அடுத்தடுத்து மூன்று வெடி போட்டால் ஆட்டம் முடிந்தது, மேலே வா என்று பொருள்.

அந்த முறை சின்னையா கூண்டில். என்னை நீர்மூழ்கிக்குள் அனுப்பினார்கள். திருடனின் வீட்டையும் காவல்காரன் ஒருமுறை பார்க்கட்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது.

புறப்படும்போது சின்னையா ஒரு துணிப்பையில் வறுத்த கடலையைக் கொண்டுவந்து கொடுத்தான், தோலோடு, ஊரிலிருந்து வந்தது.

"அண்ணே, இங்கிட்டு வாங்க, ஒரு சேதி."

"சொல்லு."

"உள்ள போயி, ஒரு ஸ்பானரை எடுத்து, சும்மா ரெண்டு தட்டுத் தட்டிவிடுங்கண்ணே. நான் திசையைப் புடிச்சுக்கிருவேன். ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"மாட்டேன்டா. கண்டுபிடிச்சா ரெண்டு பேரையும் உள்ள போட்டுருவாங்க."

"சரிண்ணே, நீங்க மாட்டேன்னே சொல்லுங்க" என்று சிரித்தபடி போய்விட்டான். நான் தெளிவாகத்தான் மறுத்தேன். இதை வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

இனி என் மேலதிகாரியைப் பற்றி. எங்கள் கமாண்டர் நல்ல மனிதர், சுருக்கமான மனிதர். கூண்டுக்கும் மேல்தளத்துக்கும் இடையே ஒரு பேச்சுக்குழாய் உண்டு. அதன் வழியாக அவர் இரண்டே கேள்வி கேட்பார்: எந்தத் திசை, எவ்வளவு தூரம். மூன்றாவதாக நாம் எதையாவது சொன்னால், "அதை நான் கேட்கவில்லையே" என்பார். கோபம் இருக்காது, பாத்திரக் கடையில் வேண்டாத பாத்திரத்தை நகர்த்தி வைப்பதுபோல இருக்கும். ஒருமுறை நான் "திமிங்கிலம் போலிருக்கிறது, சார்" என்று சொல்லி, "உன் அபிப்பிராயத்தை வீட்டுக்குப் போடும் கடிதத்தில் எழுது" என்று பதில் வாங்கியிருக்கிறேன். அவரும் எங்களுக்கு எதையும் சொல்ல மாட்டார். எதைத் துரத்துகிறோம், ஏன் துரத்துகிறோம் என்பதெல்லாம் மேல்தளத்தின் சொத்து. கூண்டுக்கு வருவது இரண்டு கேள்வி, கூண்டிலிருந்து போவது இரண்டு பதில்.

நீர்மூழ்கியின் கேப்டன் வேறு ரகம். வெள்ளைக்காரர், என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்திருப்பார். செந்தாடி. அவர் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. கரையில் டீ கேட்பதையே காதோடு ரகசியம்போலத்தான் கேட்பார். ஏணி வழியாக நான் உள்ளே இறங்கியதும் முதலில் என் கையில் இருந்த பையைப் பிரித்துப் பார்த்தார். ஒரு கடலையை எடுத்துத் தன் காதருகே வைத்து ஓட்டை உடைத்தார். டப் என்றது.

"என் கப்பலில் இதைவிடச் சத்தமான ஆயுதம் கிடையாது" என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். பை பறிமுதல் ஆயிற்று. பிறகு என் காலைப் பார்த்தார். காலணியும் பறிமுதல் ஆயிற்று.

சதுரத்துக்குப் போகும்வரை நீருக்கு மேலேதான் சென்றோம். டீசல் எஞ்சின்கள் இரண்டும் ஓடின. நெல் அரைவை மில்லுக்குள் படுத்துத் தூங்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. இந்தச் சத்தத்தைத்தானே நான் இத்தனை காலமாகக் காது கொடுத்துத் தேடினேன், இதையா கண்டுபிடிக்க முடியாமல் போனேன் என்று வியந்துகொண்டிருந்தபோதே கேப்டன் கையை உயர்த்தினார். முழுகினோம். டீசலுக்கு மூச்சுக்குக் காற்று வேண்டும், ஆகவே நீருக்கடியில் அது ஓடாது. அதை நிறுத்திவிட்டு, அது சேமித்துக் கொடுத்திருந்த பாட்டரியில் மின்மோட்டாரை ஓட்டினார்கள்.

சத்தம் போன விதத்தைச் சொல்ல வேண்டும். ஒன்றாகப் போகவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். முதலில் எஞ்சின். பிறகு காற்றாடி. பிறகு சமையலறைக் குளிர்பெட்டி. பிறகு வேலையில்லாதவர்கள் எல்லோரும் படுத்துக்கொண்டார்கள். வேலையிருந்தவர்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். தட்டு, கரண்டி எல்லாவற்றையும் துணியில் சுற்றி வைத்தார்கள். ஒருவருக்குத் தும்மல் வந்தது, பக்கத்திலிருந்தவர் அவர் முகத்தில் தலையணையை அமுக்கினார். அவர்களே எதிரியைக் கேட்க வைத்திருந்த ஒலிக்கருவியில் 'டிங்' அனுப்பும் பகுதியையும் அணைத்தார்கள். வெறும் காதை மட்டும் விட்டு வைத்தார்கள். அந்தக் காதை என்னிடம் கொடுத்தார் கேப்டன்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் புதிது. வங்காள விரிகுடாவில் மேல்தண்ணீர் வெந்நீர்போல் இருக்கும், கீழே திடீரென்று குளிர்ந்த, கனத்த தண்ணீர் தொடங்கும். ஆறின பாலில் ஆடை கட்டுவதுபோல இரண்டுக்கும் நடுவே ஒரு எல்லை. மேலிருந்து வரும் 'டிங்' ஒலி அந்த எல்லையில் பட்டு வளைந்து வேறெங்கோ போய்விடும். கேப்டன் கப்பலை அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே கொண்டுபோனார். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார். பிறகு மோட்டாரையும் நிறுத்திவிட்டார். அத்தனை இரும்பும் அத்தனை மனிதர்களும் பாலாடையின் கீழ் ஒட்டிய ஈபோல அந்தரத்தில் நின்றோம்.

நான் கேட்டேன். எங்கள் கப்பலின் 'டிங்' எங்கோ தூரத்தில், கிணற்றில் விழுந்த மோதிரம்போல. எங்களைத் தொடவேயில்லை. இத்தனை நாள் நான் கூண்டில் உட்கார்ந்து, "ஒன்றுமில்லை, சார், தெளிவாக இருக்கிறது" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அந்த ஒவ்வொரு ஒன்றுமில்லைக்குக் கீழேயும் இப்படி ஒரு கூட்டம் வெறுங்காலோடு நின்றிருக்கலாம். சலங்கை கட்டிக்கொண்டு வருகிற திருடனை மட்டும் பிடிக்கப் பழகிய காவல்காரன் நான் என்று அப்போதுதான் தெரிந்தது.

தூரத்தில் ஒரு வெடி கேட்டது. பின்னால் இன்னொன்று. கேப்டன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "யாரையோ தாக்குகிறார்கள் போலும். பாவம், மீன்."

மூன்றாவது வெடி வெடிக்கவில்லை. போட்டார்கள், அது நமுத்துப்போன வெடி. மேலே நடந்ததை நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன், இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கடலில் நிஜமான எதிரி நீர்மூழ்கி ஒன்றைப் பார்த்ததாக வயர்லெஸ் செய்தி வந்தது. கமாண்டர் ஆட்டத்தை முடித்து, மூன்று வெடியையும் போடச் சொல்லிவிட்டு, செய்தி வந்த பக்கம் கப்பலைத் திருப்பினார். மழை இறங்கியிருந்தது. நாங்கள் மேலே வந்துவிட்டோமா என்று அவர் திரும்பிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. கூண்டில் இருந்த சின்னையாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, கரை உத்தியோகம் அதில் இருந்தது.

நாங்களோ, மோட்டார் இல்லாமல் அந்தரத்தில் நின்றதால், நீரோட்டம் எங்களைச் சத்தமில்லாமல் இழுத்துச் சதுரத்துக்கு வெளியே கொண்டுபோயிருந்தது. எதிரியைத் தேடிக் கமாண்டர் எந்தப் பக்கம் போனாரோ அதே பக்கம்.

முதலில் என் காதில் எங்கள் கப்பலை உந்தும் சுழலியின் சத்தம் கேட்டது. என் வீட்டுச் சைக்கிள் சத்தம்போல எனக்குப் பழக்கமானது. நெருங்கியது. 'டிங்' இப்போது எங்கள் மேல் லேசாகப் பட்டது, மழுங்கலாக. பிறகு சுழலியின் வேகம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

பட்டாசு போடுவதற்குக் கப்பல் நிதானமாக வரும். நிஜமான டெப்த் சார்ஜ், அதாவது எண்ணெய்ப் பீப்பாய் அளவு வெடிமருந்து, போடுவதென்றால் மட்டும்தான் முழு வேகத்தில் வரும். இல்லாவிட்டால் தான் போட்ட வெடியில் தன் பின்புறமே பெயர்ந்துவிடும்.

"சார், இது பயிற்சி வேகம் இல்லை" என்றேன். என்னை அறியாமல் உரக்கச் சொல்லிவிட்டேன். இதுவரை அந்தக் கப்பலில் யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள்.

கேப்டன் என்னை ஒரு கணம் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிறம் போய்விட்டது, தாடி மட்டும் சிவப்பாக நின்றது. அடையாளப் புகைக்குப்பியை மேலே விடச் சொன்னார். விட்டார்கள், மழையில் அதை யாரும் பார்க்கவில்லை. 'டிங்' கருவியைப் போட்டு அடையாள ஒலி அனுப்பச் சொன்னார். அணைத்து வைத்த கருவி, அதன் வால்வுகள் சூடாக வேண்டும். அதற்கு நேரம் இல்லை.

"மேலே கேட்டுக்கொண்டிருப்பது யார்?" என்றார்.

"என் ஊர்க்காரன், சார்."

"அப்படியானால் தட்டு. நாம்தான் என்று அவனுக்குத் தெரியட்டும்."

ஒரு ஸ்பானரைக் கையில் கொடுத்தார்கள். இரும்புச் சுவரில் அடித்தேன். இரண்டு, நிறுத்தி, இரண்டு. ஒரு காதில் காதுக்கருவி இருந்தது. தட்டிக்கொண்டே கேட்டேன். சின்னையா, கேட்குதாடா, நான்தான்டா என்று ஒவ்வொரு தட்டிலும் சொன்னேன்.

அவனுக்குக் கேட்டது. அது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், எங்கள் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த சுழலிச் சத்தம் வளைந்தது. மெதுவாக, பிறகு நேராக எங்களை நோக்கித் திரும்பியது.

மறுபடி தட்டினேன். இன்னும் சரியாகத் திரும்பியது.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஏற்பட்டதைப் பயம் என்று சொல்ல முடியாது. பயம் பிறகு வந்தது. அப்போது இருந்தது வெறும் திகைப்பு. என் ஊர்க்காரன், என் கூண்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் தட்டியதைக் கேட்டு, என்னைக் கொல்ல வழி காட்டிக்கொண்டிருக்கிறான். கை தானாகவே மேலும் ஒரு தட்டுத் தட்டியது. அதற்கும் சுழலி பதில் சொன்னது.

கேப்டன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நிறுத்து" என்றார். அதே கிசுகிசுப்பு. பிறகு மோட்டாரை முழு வேகத்தில் போடச் சொல்லி, சுக்கானை ஒரு பக்கமாக ஒடிக்கச் சொன்னார். கப்பல் உறுமிக்கொண்டு நகர்ந்தது. நான் காதுக்கருவியைக் கழற்றினேன். இனி காது தேவையில்லை, தலைக்கு மேலேயே சுழலி ஓடியது எல்லோருக்கும் கேட்டது.

பிறகு வெடித்தது. அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. படித்த மனிதர்கள் எழுதிய யுத்த வர்ணனைகளை நானும் படித்திருக்கிறேன், அவற்றில் 'இடி' என்று இருக்கும். இடி வெளியே இடிக்கும். இது எங்களுக்குள் இடித்தது. விளக்குகள் போயின. எங்கோ தண்ணீர் சீறியது. இருட்டில் ஒருவர் மிக அமைதியாக, "என் பல்" என்றார். என் பறிமுதல் செய்யப்பட்ட கடலைப்பை எந்த அலமாரியிலோ இருந்து கிழிந்து, என் முகத்தில் கடலை மழை பொழிந்தது. சாவு தோலோடு கடலை போடும் என்று நான் எங்கும் படித்ததில்லை.

வெடிகள் ஓய்ந்தன. மேலே இருக்கும் கப்பல் திரும்பி வரும், இன்னொரு தடவை போடும் என்று எல்லோருக்கும் தெரியும். காத்திருந்தோம். வரவில்லை.

மேலே நடந்தது இது. பட்டாசுச் சத்தத்துக்குக் காத்திருந்த சின்னையாவின் காலடியில் கப்பலே தூக்கிப் போட்டது. போட்டது பட்டாசு இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. பேச்சுக்குழாயில் கமாண்டர் வழக்கம்போல, "திசை?" என்று கேட்டார். சின்னையா கூண்டை விட்டு ஏணியில் ஏறி, கடற்படையில் எந்தக் கடைநிலை ஊழியனும் அழைப்பில்லாமல் கால்வைக்காத மேல்தளத்தில் போய் நின்றான்.

"திசை என்ன என்று கேட்டேன்" என்றார் கமாண்டர்.

"திசை இல்லை, சார். என் அண்ணன், சார்" என்றான் சின்னையா. அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதற்குமேல் அப்போது வரவில்லை. விரலால் கீழே தண்ணீரைக் காட்டினானாம். கமாண்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் வெடிக்காரர்களைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கையசைத்தார். எனக்குத் தெரிந்து அவர் கேட்காத ஒன்றைக் காதில் வாங்கிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

நாங்கள் மழைக்குள் மேலே வந்தோம். துப்பாக்கிகள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. கேப்டன் தன் சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினார். என்னைப் படகில் எங்கள் கப்பலுக்குக் கொண்டுவந்தார்கள், வெறுங்காலோடு. சின்னையா கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"அண்ணே, நீங்க தட்டுனது..."

"எதுக்குடா தட்டுனேன்னு நெனச்ச?"

"எனக்காகத்தான்."

"மாட்டேன்னு சொன்னேனேடா!"

"சொன்னீக." அவன் வாய் கோணியது. "நம்ம ஊருல எவுகண்ணே மொதத் தடவை சரிங்குறாக? சாப்புடச் சொன்னாலே மூணுவாட்டி வேணாம்பாக. கல்யாணத்துக்கு மொய் எழுத வந்தவுகளைக்கூடக் கையைப் புடிச்சு இழுத்துத்தானே எலையில உக்கார வைக்கிறோம். நீங்க வேணாம்னு சொன்ன சொல்லு எனக்கு அப்புடித்தான்ணே கேட்டுச்சு. பெரியவுக வாயால சரிங்க மாட்டாக, கையால செஞ்சிருவாகன்னு..."

எனக்கு அவனை அடிக்கத் தோன்றியது. ஆனால் அவன் சொன்னது உண்மை. நானே என் மாமனார் வீட்டில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லித்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் எட்டு இட்லி தின்கிறேன்.

கரைக்கு வந்ததும் இரண்டு அதிகாரிகளும் கதவைச் சாத்திக்கொண்டு டீ குடித்தார்கள். டீ முடிந்தபோது ஒன்றுமே நடந்திருக்கவில்லை. பயிற்சி நல்லபடி நடந்தது. ஒருவருக்குப் பல் போனது, அவர் ஏணியில் வழுக்கி விழுந்தார். நல்லபடி நடந்த பயிற்சிக்கு மதிப்பெண் போட்டுத்தானே ஆக வேண்டும்? சின்னையா சொன்ன திசைகள் அவ்வளவு துல்லியம். அப்படி ஒரு துல்லியத்தை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. முதலிடம் அவனுக்கு. கரை உத்தியோகமும் அவனுக்கு.

"எனக்கு வேணாம்ணே" என்று அழுதான். "ஒங்க உசிரு மேல ஏறி நிக்கிற மாதிரி இருக்கு."

"பொன்னம்மாவுக்கு மாசம் ஆகுதுல்ல? போடா" என்றேன். போனான்.

அவன் போவதற்குமுன் கேப்டன் எங்களைத் தேடி வந்தார். துறைமுகத்தில், நல்ல வெயிலில், எங்கள் இருவருக்கும் நடுவே குனிந்து தன் கிசுகிசுப்பில் சின்னையாவிடம் கேட்டார்: "இவன் தட்டுவதற்குமுன் உனக்கு என்ன கேட்டது?"

நான் மொழிபெயர்த்தேன். சின்னையா யோசித்தான்.

"ஒண்ணுமே இல்லைங்க. பஞ்சு மாதிரி ஒரு மழுங்கல். மீன் கூட்டம்னுதான் நெனச்சேன். மேல இருந்தவுகளும் அதை விட்டுட்டு எங்கிட்டோ வேகமாப் போய்க்கிட்டுத்தான் இருந்தாக. அப்பத்தான் தட்டுச் சத்தம் வந்துச்சு."

அதையும் மொழிபெயர்த்தேன். நான் கேட்ட அந்த முழு வேகம் எங்களுக்கானதே இல்லை; சும்மா இருந்திருந்தால் எங்கள் கப்பல் எங்களைக் கடந்து போயிருக்கும். உயிரைக் காப்பாற்ற நான் அடித்த அடிதான் எங்களைக் காட்டிக்கொடுத்தது.

கேப்டன் முகம் மலர்ந்தது. நல்ல பாட்டுக்காரனைச் சபையில் புகழ்ந்தால் முகம் எப்படி ஆகும், அப்படி. அன்று அவர் தோற்கவில்லை. சின்னையா சல்யூட் அடித்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் போனபிறகு கேப்டன் என்னிடம் சொன்னார்: "உன்னைத் தட்டச் சொன்னது என் தவறு. என் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். என்ன ஆனாலும் சரி, இனி என் கப்பலில் யாரும் தட்டமாட்டார்கள்."

கைகொடுத்துவிட்டுப் போனார். அந்த மாதமே அந்தக் கப்பல் கிழக்குக் கடலுக்கு நிஜ யுத்தத்துக்குப் போனது. திரும்பவில்லை. எதிரிகள் மூழ்கடித்ததாகவும் செய்தி இல்லை. எங்கே, எப்படி என்று யுத்தம் முடிந்த பிறகும் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த லீவில் நான் ஆலங்குடிக்குப் போனேன். கரிப்புகை கக்கிக்கொண்டு ஓடும் அந்தக் காலத்து பஸ், நாலு தடவை நின்று நாலு தடவை இருமி என்னை இறக்கிவிட்டது. சின்னையாவும் லீவில் வந்திருந்தான். களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவன் மடியில் பெண் குழந்தை. பொன்னம்மாள் நல்ல சுகம். சாப்பிட்டு முடித்தபின் அவனே ஆரம்பித்தான்.

"அந்த நீர்மூழ்கிக்காரவுக வர வேண்டிய அன்னைல இருந்து நான்தான்ணே தொறைமுக வாசல்ல காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். தொறைமுகத்துக்குள்ள வரையில மேலதானே வருவாக? டீசல் சத்தம் கேக்கும். அம்புட்டுத் தூரத்துலயே கேக்கும். அதைத்தான் எதிர்பாத்துக்கிட்டே இருந்தேன். நிறுத்தச் சொல்ற வரைக்கும் கேட்டேன்."

"ம்."

"இறா வெடிக்கையில எல்லாம் தட்டுற மாதிரியே இருக்கும்." குழந்தையின் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினான். "ஒண்ணு கேக்கவாண்ணே? எங்கிட்டாவது கடலுக்கடியில மாட்டிக்கிட்டிருந்தா, தட்டியிருப்பாகள்ல? எத்தனையோ கப்பல் அந்தப் பக்கம் போயிருக்கும். நம்ம கப்பலு, நம்ம ஆளுக. ஒருத்தன் காதுல கூடவா விழாமப் போயிருக்கும்? ஏண்ணே தட்டலை?"

எனக்குத் தெரியும். அவன் சொன்ன ஒரு பதிலை நான் மொழிபெயர்த்தேன், அதைக் கேட்டு ஒரு மனிதர் தன் ஆட்களுக்கு ஒரு கட்டளை இட்டார். அவன் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அவன் அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை கேட்டான், ஒவ்வொரு தடவையும் எனக்கு ஏதாவது பஸ் இருந்தது. சின்னையா இன்றும் ஆலங்குடியில்தான் இருக்கிறான், கடலை வியாபாரம். நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவன்.

தட்டியிருக்க மாட்டார்கள், சின்னையா. கேப்டன் வேண்டாமென்று சொல்லியிருந்தார்.